கனடாக் கல்லூரியில் மூன்று படிப்புகள்: எதைத் தெரிவது?

விசுவமடுவிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் கலைப்பிரிவில் உயர்தரம் முடித்தவர். பாடசாலைக் காலத்தில் ஓட்டப் போட்டியில் மாகாண மட்டம் வரை சென்றவர். வவுனியாவில் ஒரு முகவர், கனடாவின் ஒன்ராறியோ மாகாணக் கல்லூரி ஒன்றில் ‘ரெக்கிரியேஷன்’, ‘அத்லெற்றிக் ட்ரெய்னிங்’, ‘பராலீகல்’ ஆகிய மூன்றில் எதையும் எடுக்கலாம், எல்லாமே இரண்டு வருடம், முடித்தவுடன் வேலை அனுமதி நிச்சயம் என்று சொல்லி, முற்பணமாக மூன்று இலட்சம் ரூபாயும் மூலச் சான்றிதழ்களும் கேட்டிருக்கிறார். சான்றிதழ்களைக் கொடுத்தாகிவிட்டது, பணத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டும். மூன்றில் எது நல்லது என்பதே அவருடைய கேள்வி.

அம்மா, இப்போதைக்கு நகை வீட்டிலேயே இருக்கட்டும். உங்கள் மகளின் விருப்பமும் பெறுபேறும் என்னவென்று கேட்காமல், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று தொழில்களை ஒரே விலையில் வைத்து, பிடித்ததை எடுங்கள் என்று ஒருவர் சொன்னால், அவர் படிப்பைப் பற்றிப் பேசவில்லை.

‘அத்லெற்றிக் ட்ரெய்னிங்’ என்றதும் மைதானத்தில் விசிலோடு நின்று பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் வேலை என்றுதான் எவரும் நினைப்பார்கள். அது தவறு. வட அமெரிக்காவில் அது ஒரு சுகாதாரத் தொழில்: விளையாடுபவருக்குக் காயம் வராமல் பார்ப்பது, வந்தால் உடனே கவனிப்பது, அவரை மீண்டும் விளையாடும் நிலைக்குக் கொண்டுவருவது. அமெரிக்காவில் இதற்கான அங்கீகரிக்கப்பட்ட படிப்பு முதுமாணி மட்டத்துக்குப் போய்விட்டது. இளமாணி மட்டத்தில் புதிய மாணவர்களைச் சேர்ப்பது 2022 இலையுதிர்காலத் தவணைக்குப் பின் நின்றுவிட்டது. கனடாவில் இவரை ‘அத்லெற்றிக் தெரபிஸ்ற்’ என்பார்கள். அங்கும் பட்டப்படிப்பும் தேசியப் பரீட்சையும் வேண்டும். இரண்டு வருட டிப்ளோமாவைக் காட்டி இந்தத் தொழிலைச் சொல்பவர் உங்களை ஏமாற்றுகிறார், அல்லது அவருக்கே தெரியாது.

‘ரெக்கிரியேஷன்’ ஹோட்டல் முகாமைத்துவம் அல்ல. முதியோர் இல்லம், நகரசபையின் சமூக நிலையம், மாற்றுத்திறனாளிகளுக்கான நிலையம் போன்ற இடங்களில் விளையாட்டும் செயற்பாடுகளும் ஒழுங்குசெய்யும் வேலை அது. நல்ல வேலைதான், மொழி சரளமாக வர வேண்டும்.

‘பராலீகல்’ பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் குழப்பம் இதில்தான் அதிகம். இலங்கையில் அப்படியொரு உரிமம் பெற்ற தொழில் இல்லை. சட்டத்தரணியின் அலுவலகத்தில் கோவைகளைக் கையாளலாம். காணி அனுமதிப்பத்திரம், பிறப்புப் பதிவு போன்ற விடயங்களில் சனத்துக்கு உதவும் அமைப்புகளில் வேலை செய்யலாம். ஆனால் நீதிமன்றத்தில் ஒருவருக்காகத் தோன்றுவதற்கு உயர் நீதிமன்றத்தில் சட்டத்தரணியாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். எந்த டிப்ளோமாவும் அந்த இடத்தை நிரப்பாது. கனடாவின் பிற மாகாணங்களிலும் பராலீகல் என்பவர் பெரும்பாலும் சட்டத்தரணியின் கீழ் வேலை செய்பவரே. ஒன்ராறியோ இதற்கு விலக்கு. அங்கே 2007 முதல், சட்டத்தரணிகளுக்கு உரிமம் கொடுக்கும் அதே சட்டச் சங்கம் பராலீகல்களுக்கும் உரிமம் கொடுக்கிறது. உரிமம் பெற்றவர், சிறிய தொகைப் பணத் தகராறுகளை விசாரிக்கும் சிறு கோரிக்கை நீதிமன்றத்திலும், போக்குவரத்துக் குற்றம் போன்ற வழக்குகளிலும், தீர்ப்பாயங்களிலும் தம் பெயரிலேயே தோன்றலாம். முகவர் காட்டும் படம் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த உரிமத்துக்கு, சட்டச் சங்கம் அங்கீகரித்த கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும், 120 மணித்தியாலம் களப்பயிற்சி செய்திருக்க வேண்டும், உரிமப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், நன்னடத்தையும் காட்ட வேண்டும். ஒன்ராறியோவிலேயே இருந்தாலும் சங்கம் அங்கீகரிக்காத கல்லூரியில் பெற்ற டிப்ளோமா அந்தப் பரீட்சை மண்டபத்தின் வாசலைக்கூடத் திறக்காது. ஆகவே கல்லூரியின் பெயரைக் கேளுங்கள். பெயரைச் சொல்லத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

அடுத்தது வேலை அனுமதி. 2024 நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்து, பட்டமல்லாத கல்லூரிப் படிப்பை முடிப்பவருக்கு, அந்தப் படிப்பு அரசாங்கம் குறித்த துறைகளுக்குள் இருந்தால்தான் படிப்புக்குப் பிந்திய வேலை அனுமதி கிடைக்கும். விவசாயம், சுகாதாரமும் சமூக சேவைகளும், விஞ்ஞானமும் தொழில்நுட்பமும், கைத்தொழில்கள், போக்குவரத்து, பின்னர் சேர்த்த கல்வி ஆகியவை அவை. சட்டத்துறை அதில் இல்லை. பாடநெறியின் பெயரை வைத்து இது தீர்மானிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் உரிய ஆறு இலக்கக் குறியீடே தீர்மானிக்கிறது. அந்தக் குறியீட்டைக் கல்லூரியிடமிருந்தே எழுத்தில் பெறுங்கள். அரச கல்லூரியின் பாடத்திட்டத்தை உடன்படிக்கையின் பேரில் தனியார் கல்லூரி நடத்தும் இடங்களில் 2024 மே 15 முதல் படிப்பைத் தொடங்கியவர்களுக்கு இந்த அனுமதியே இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

இனி முகவர்கள். கல்லூரியிடமிருந்தும் தரகு பெற்று, குடும்பத்திடமிருந்தும் முற்பணம் பெறுபவர்கள் இருக்கிறார்கள். கல்விக் கட்டணம் கல்லூரியின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போக வேண்டும். முகவரின் சொந்தக் கணக்குக்கு ஒரு சதமும் போகக் கூடாது. ‘வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி எங்களிடம் இருக்கிறது’ என்று சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள். அது வெளிநாட்டுக்கு வேலைக்கு ஆள் அனுப்பும் அனுமதி, படிப்புக்கானது அல்ல. கனடாக் குடிவரவு விடயத்தில் காசு வாங்கி ஆலோசனை சொல்ல அந்நாட்டுச் சட்டத்தரணிகள், கியூபெக் நொத்தாரிசுகள், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள், ஒன்ராறியோவின் உரிமம் பெற்ற பராலீகல்கள் ஆகியோருக்கே உரிமையுண்டு. உரிம இலக்கத்தை இணையத்தில் எவரும் சரிபார்க்கலாம். எல்லாவற்றிலும் மோசமானது, யாரோ ஒருவரின் பணத்தைச் சில வாரங்களுக்கு உங்கள் கணக்கில் போட்டு வங்கியில் ‘காட்டுவது’. விண்ணப்பத்தில் பொய் கண்டுபிடிக்கப்பட்டால் ஐந்து வருடத் தடை முகவருக்கு வராது, உங்கள் மகளுக்கே வரும். வெற்றுப் படிவத்தில் கையொப்பமும் வைக்க வேண்டாம்.

இந்தக் கல்லூரி, குறியீட்டுப் பட்டியல்கள் எல்லாம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கின்றன. முல்லைத்தீவின் ஒரு கிராமத்துத் தாய் இவற்றை எப்படி வாசிப்பார்? பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். அவருடைய மேசையில் இந்தத் தகவல் தமிழில் இருந்தால் முகவரின் கடைக்குப் போக வேண்டிய தேவையே இராது. அது இத்தனை வருடமாக நடக்கவில்லை என்பது எனக்குத் தாங்கமுடியாத விடயம். இருந்தாலும் மகளுடன் அங்கே போய், குறியீட்டையும் கல்லூரிப் பெயரையும் அவருடைய கணினியிலேயே பார்த்துத் தரும்படி கேளுங்கள்; கேட்பது உங்கள் உரிமை.

உள்ளூரிலும் வழியுண்டு. சட்டத்தில் விருப்பமென்றால் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் படிப்புக்கான தெரிவுப் பரீட்சை. விளையாட்டென்றால் தேசிய கல்வியியற் கல்லூரிகளின் உடற்கல்விப் பாடநெறிக்கான வர்த்தமானி அறிவித்தல்.

முதலில் செய்ய வேண்டியது சான்றிதழ்களை மீட்பது. தனியே போக வேண்டாம், குடும்பத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ‘விண்ணப்பம் போடவில்லை, மூலப்பிரதிகளைத் தாருங்கள்’ என்று எழுதிய கடிதம் ஒன்றைக் கொடுத்து, அதன் பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். பணம் கொடுத்தால்தான் தருவேன் என்று அவர் சொன்னால், அந்தப் பிரதியுடன் அன்றைக்கே பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள்.