குடும்ப அழுத்தத்தைக் கேள்வித்தாளில் அளக்க முடியுமா?

சிறுபான்மைச் சமூகங்களில் பிறந்தவர்கள் மேல் குடும்பம் செலுத்தும் அழுத்தத்தைக் கேள்வித்தாள் வைத்து அளக்க முடியுமா, கிடைக்கும் எண்ணை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் "வீட்டில் வற்புறுத்துகிறார்களா?" என்று நேராகக் கேட்டால் ஒன்றும் தேறாது. நான் மதுரையில், சௌராஷ்டிரம் என்ற தனி மொழி பேசும் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவள். மகால் பக்கத்துத் தெருக்களில் வளர்ந்த ஒரு பெண்ணிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "சேச்சே, அப்பாவும் அம்மாவும் எதற்கும் தடை சொன்னதே இல்லை" என்பாள். அது பொய் இல்லை. பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் அம்மா ரெண்டு நாள் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். பெரியப்பா "யோசிச்சு செய்ம்மா" என்று மட்டும் சொல்லியிருப்பார். அத்தை ஒரு ஜாதகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். வேலைக் கடிதத்துக்கு அவளே பதில் போடாமல் விட்டிருப்பாள். எங்கள் வீடுகளில் கனமான அழுத்தம் பெரும்பாலும் இப்படித்தான் வரும், வாய் திறந்து யாரும் எதுவும் சொல்லாமலே.

அதனால் நடந்ததைக் கேட்க வேண்டும். போன வருஷம் கல்யாணப் பேச்சை யார் யார் எடுத்தார்கள்? நீங்கள் மறுத்தால் யார் பேச்சை நிறுத்துவார்கள்? வீட்டில் உங்கள் பங்கு போகுமா? தங்கைக்கு வரன் வருவது தடைப்படுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் பாதி விஷயம் இருக்கிறது என்பது என் அனுபவம்.

அமெரிக்காவில் வாழும் ஆசிய வம்சாவளி இளைஞர்களுக்காக உளவியலாளர் ரிச்சர்ட் லீ குழுவினர் 2000-ல் ஓர் அளவுகோல், அதாவது மதிப்பெண் போடும் கேள்வித்தாள், வெளியிட்டார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே வரும் 10 சச்சரவுகளைக் கொடுத்து, இது உங்கள் வீட்டில் எவ்வளவு நடக்கிறது, எவ்வளவு பெரிய பிரச்சினை என்று தனித்தனியாகக் கேட்கிறது. அந்தப் பிரிப்பு எனக்குப் பிடிக்கும். தினமும் நடக்கிற சண்டை ஒருவரைத் தொடாமலே போகலாம். ஒரே ஒருமுறை சொன்ன சொல் படிப்பையே நிறுத்தலாம். 2007-ல் லிண்டா காஸ்டில்லோ குழுவினர் கொண்டுவந்த அளவுகோலோ "நீ மாறிட்ட" என்று சொந்த ஆட்களே ஒருவரை ஒதுக்குவதை அளக்கிறது. அதில் குடும்பம், நண்பர்கள், சமூகம் என்று மூன்றுக்கும் தனித்தாள் உண்டு. சௌராஷ்டிரத்தை விட்டு வீட்டில் தமிழிலேயே பேசிப் பழகிவிட்ட எங்கள் பிள்ளைகள் விசேஷ வீடுகளில் கேட்கும் பேச்சை நினைத்தால், இந்தத் தாள்கள் இங்கேயும் பொருந்தும் என்றே தோன்றுகிறது.

கல்யாணத்தைப் பெற்றோர் பார்த்து முடிக்கட்டும் என்று மனதார நினைப்பவரும் உண்டு. அவருடைய சம்மதத்தை அழுத்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

அழுத்தத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நாடு முழுக்க சுமார் 2.47 லட்சம் பேர்தான். ஒருவர் வெளியே கல்யாணம் செய்தால் அடுத்த தலைமுறையில் மொழி நின்றுவிடும் என்ற பயம் பெரியவர்களுக்கு நிஜமானது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதைச் சுமக்கும் வேலை பெரும்பாலும் பெண்பிள்ளைகள் தலையில் விழுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே அண்ணனிடமும் தங்கையிடமும் ஒரே தாளைக் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம், எங்கே வைத்துக் கேட்கிறீர்கள் என்பது ரொம்ப முக்கியம். ஒற்றை ஹால் வீட்டில், அம்மா அடுப்படியில் நிற்கும்போது நிரப்பிய தாளைத் தூக்கிப் போட்டுவிடலாம். கல்லூரியிலோ வேலை இடத்திலோ, பெயர் எழுதாமல் நிரப்பச் சொல்லுங்கள். அதே தாளில் ஆதரவையும் கேளுங்கள்: ஃபீஸ் கட்டியது யார், உடம்பு முடியாதபோது ராத்திரி முழுக்கக் கூட இருந்தது யார் என்று. பல பேருக்கு அழுத்தம், ஆதரவு என்ற இரண்டு பட்டியலிலும் அதே பெயர்கள் வரும். அப்படி வந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள், அவர்களுக்குத்தான் எதிர்த்துப் பேசுவது மிகவும் கஷ்டம்.