‘வெட்டச் சொல்லு’ என்கிற மேனேஜர்

கேள்வி:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் வந்தது முதல் ஏற்றுமதி வரை கவனிப்பவர்) இருக்கிறேன். போன மாதம் எங்கள் எல்லோருக்கும், ஆட்களை டி, ஐ, எஸ், சி என்று நான்கு வகையாகப் பிரிக்கும் ‘டிஸ்க்’ என்ற ஆளுமைச் சோதனை வைத்தார்கள். எங்கள் ஃபேக்டரி மேனேஜருக்கு ‘டி’ (ஆதிக்கம்) வகை என்று வந்தது. சோதனையே வேண்டாம், நாங்களே சொல்லியிருப்போம். காலை மீட்டிங்கில் யாரையும் முழுசாகப் பேச விடமாட்டார். பாதி கேட்டதும் முடிவைச் சொல்லிவிடுவார். துணியில் குறை என்றால் “அப்புறம் பாத்துக்கலாம், வெட்டச் சொல்லு” என்பார். பின்னால் பிரச்சினை வந்தால் “ஏன் முன்னாடியே சொல்லல?” என்பார். திட்டிய அரை மணி நேரத்தில் அவரே டீயும் வாங்கித் தருவார். இவரிடம் எப்படி வேலை பார்ப்பது? எனக்கு ‘எஸ்’ (நிதானம்) என்று வந்தது. அப்படியென்றால் நான் மேனேஜர் ஆகவே முடியாதா?

பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியதில் முக்கியமானது அந்த டீ. இந்த வகை ஆளுக்குச் சத்தம் போடுவது வேலையின் ஒரு பகுதி, முடிந்ததும் மறந்துவிடுவார். கேட்டவர் மறப்பதில்லை. அடுத்த முறை துணியில் ஓட்டை கண்டால் அவரிடம் போகாமல், தானாகச் சரியாகிவிடாதா என்று இரண்டு நாள் பார்ப்பார். “ஏன் முன்னாடியே சொல்லல?” என்ற கேள்விக்கு உண்மையான பதில் இதுதான். அவருடைய குரலைவிட, அவரிடம் கெட்ட செய்தி போய்ச் சேராமல் நின்றுவிடுவதுதான் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம்.

இந்த நான்கு வகைப் பிரிவுக்கு மூலம் 1928-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் எழுதியது. (வொண்டர் வுமன் பாத்திரத்தை உருவாக்கியவரும் அவரே.) சோதனைத் தாள்கள் பிறகு மற்றவர்கள் செய்தவை. மார்ஸ்டன் கணக்கில், சுற்றியுள்ளது தனக்கு எதிராக இருக்கிறது, ஆனால் தன் பலம் அதைவிடப் பெரியது என்று உணர்கிறவரின் நடத்தைதான் ‘டி’. எதிரில் தடை தெரிந்தால் தள்ளுவார். “இதைச் செய்ய முடியாது சார்” என்று போய் நின்றால் அந்தத் தடை நீங்கள்தான்.

வேகமாக முடிவெடுப்பதாலேயே அவர் விஷயம் தெரிந்தவர் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2009-இல் பெர்க்லியைச் சேர்ந்த ஆண்டர்சன், கில்டஃப் இருவரும் தலைவர் இல்லாத சிறு குழுக்களுக்குக் கணக்குகள் கொடுத்துப் பார்த்தார்கள். ஆதிக்க குணம் உள்ளவர்களைத்தான் குழு கெட்டிக்காரர்கள் என்று நம்பியது. அவர்கள் கணக்கில் மற்றவர்களைவிடச் சிறந்தவர்களாக இல்லை. 94 சதவீதக் கணக்குகளில், முதலில் யாரோ சொன்ன விடையே குழுவின் இறுதி விடையானது. உங்கள் காலை மீட்டிங்கில் நடப்பதும் இதுதான். ஆகவே, அவர் வாய் திறப்பதற்கு முன்பே எண்கள் மேசையில் இருக்க வேண்டும்.

துணி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். லாட் வந்துவிட்டது, நீளவாட்டுச் சுருக்கம் 8 சதவீதம், பையர் (வாங்கும் நிறுவனம்) ஒப்புக்கொண்டது 5 என்று வையுங்கள். நம்மில் பலர் “சார், சுருக்கம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுங்க” என்போம். ‘கொஞ்சம்’ என்று காதில் விழுந்ததுமே அவர் வெட்டச் சொல்லிவிடுவார். அதற்குப் பதில் இப்படிச் சொல்லிப் பாருங்கள் (காம்பாக்டிங் என்பது துணியை முன்கூட்டியே சுருக்கி அழுத்தும் வேலை): “70 சென்டிமீட்டர் நீள டி-ஷர்ட் துவைச்சா 5.6 குறையும். 3.5 வரைக்கும்தான் அனுமதி. ரெண்டு வழி இருக்குங்க. துணியைத் திரும்பக் காம்பாக்டிங் போட்டா ஒரு நாள் போகும். இல்லைன்னா பேட்டர்ன்ல நீளம் கூட்டி வெட்டலாம். துணி கூட ஆகும், துவைக்காத பீஸ் இன்ஸ்பெக்‌ஷன்ல அளவு கூடுதலா காட்டும், பையர்கிட்ட முதல்லயே கேக்கணும். நான் காம்பாக்டிங் சொல்றேன். 12 மணிக்குள்ள சொன்னீங்கன்னா இன்னைக்கே வண்டி ஏத்திடலாம்.” அரை நிமிடம்கூட ஆகாது. தள்ளுவதற்கு ஒரு தடையும், தேர்ந்தெடுக்க இரண்டு வழியும், கெடுவும் அதில் இருக்கின்றன. முடிவு அவர் கையில்தான் இருக்கிறது. அது அவருக்கு மிக முக்கியம். காம்பாக்டிங்குக்கு ஒரு நாள் என்பதை மில்லில் கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள். ஒரு எண் தப்பினால் அடுத்த பத்தை நம்பமாட்டார்.

கொங்குப் பக்கத்தில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. நாம் “பாக்கலாங்க” என்றால் பெரும்பாலும் முடியாது என்று பொருள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். முடியாதென்றால் எவ்வளவு முடியும், எப்போது முடியும் என்று சொல்லுங்கள். தெரியாதென்றால் “நாலு மணிக்குச் சொல்றேங்க” என்று சொல்லி, நாலு மணிக்கே போய்ச் சொல்லுங்கள்.

மீட்டிங்கில் குறுக்கே பேசினால், அவர் முடிக்கும்வரை நிறுத்தி, “ஒரு நம்பர் பாக்கி இருக்குங்க சார்” என்று தொடருங்கள். குரலை ஏற்றினால் அவர் இன்னும் ஏற்றுவார். அடங்கிப் போவதும் உதவாது. எதிரில் ஒருவர் அகலமாகப் பரவி உட்கார்ந்தால் நாம் அறியாமலே குறுகி உட்காருவோம் என்று 2003-இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. நிமிர்ந்து உட்காருவதை வேண்டுமென்றே செய்ய வேண்டியிருக்கும். அவர் ஏற்கெனவே சொன்ன முடிவைப் பத்துப் பேர் முன்னால் மறுக்காதீர்கள். அங்கே இறங்கி வரமாட்டார். மீட்டிங்குக்குப் பத்து நிமிடம் முன்பு தனியாகச் சொன்னால், அதே விஷயத்தை மீட்டிங்கில் அவரே தன் யோசனையாகச் சொல்லக்கூடும். அதில் உங்களுக்கு வருத்தம் வரும். வேலை நடக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்றை அவரிடமே கேளுங்கள். ஒவ்வொரு ஆர்டரிலும் பின்தங்கியவற்றைச் சிவப்பில் குறித்து ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் அனுப்பி, மீட்டிங்கை அந்தச் சிவப்பு வரிகளில் மட்டும் நடத்தலாமா என்று. நேரம் மிச்சம் என்றால் சரி என்பார். அவர் கத்தும்போது கத்தல் தாளின் மீது போகும்; செய்தி கொண்டுவந்த ஆள் தப்பிப்பார்.

வாயால் எடுத்த முடிவை அன்றே இரண்டு வரியில் வாட்ஸப்பில் போடுங்கள். நாளுக்கு முப்பது முடிவு எடுப்பவருக்குப் பத்தாவது நினைவிருக்காது. மாட்டிவிடும் தொனி மட்டும் வேண்டாம்.

கெட்ட வார்த்தை, சாதி, உடல், குடும்பம் பற்றிய பேச்சு, ஒரே ஆளைக் குறிவைத்து அவமானப்படுத்துவது இவையெல்லாம் ‘டி’ அல்ல. எந்தச் சோதனைத் தாளும் அதற்குச் சாக்கு ஆகாது. அப்படி நடந்தால் தேதி, நேரம், சாட்சி குறித்து எச்.ஆருக்கு எழுத்தில் கொடுங்கள். மேலே சொன்ன முறைகள் அங்கே உதவாது.

மேனேஜர் ஆவது பற்றி: இந்தச் சோதனையில் நீங்களே உங்களைப் பற்றிச் சொன்னதுதான் திரும்பி வருகிறது, திறமையை அது அளப்பதில்லை. ஆள் எடுக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று இதை விற்பவர்களில் சிலரே சொல்கிறார்கள். அமெரிக்கப் பிட்சாக் கடைகளில் நடத்தி 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஊழியர்கள் சொன்னதைச் செய்கிறவர்களாக இருந்த கடைகளில் முன்னின்று பேசும் மேலாளர்கள் அதிக லாபம் காட்டினார்கள். ஊழியர்கள் தாங்களே யோசனை சொல்கிற கடைகளில் அமைதியான மேலாளர்கள் முந்தினார்கள். பதவி கேட்கும்போது ‘எஸ்’ஸைப் பற்றி விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்த வருடம் நீங்கள் பார்த்த ஆர்டர்களில் எத்தனை தேதிக்குள் கப்பலேறின, எத்தனை தாமதமாகி அதிகச் செலவில் விமானத்தில் போகாமல் தப்பின என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் மேனேஜர் படிக்கும் தாள் அதுதான்.