நடுமடிப்பில் மறையும் பாய்மரம்: உங்கள் கேள்விக்கு

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் மாஸல் பே அருங்காட்சியகத்தில் நிற்கும், போர்ச்சுகீசிய மாலுமி பார்த்தலோமியு டயஸின் கப்பலைப் போலவே கட்டிய கப்பலின் படங்களைக் கையால் தைத்துப் புத்தகமாக்கினால், இரட்டைப் பக்கப் படத்தில் பாய்மரம் மடிப்புக்குள் போய்விடுகிறது, தாளும் நெளிகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

நெளிவுக்கு டர்பனின் ஈரக்காற்றை மட்டும் திட்டாதீர்கள். தாளின் இழை, அதாவது அதன் நார்கள் ஓடும் வாட்டம், புத்தக முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். கடையில் வாங்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் இழை நீளவாக்கில் இருக்கும்; அதை இரண்டாக மடித்தால் குறுக்கே போய்விடும். தாளை மடிக்காமல் இரு வாட்டத்திலும் வளைத்துப் பாருங்கள். எந்த வாட்டத்தில் சுலபமாக வளைகிறதோ, மடிப்பும் அந்த வாட்டத்தில்தான் விழ வேண்டும்.

பாய்மரத்துக்கு, தையலையே விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, படம் உள்ளே வரும்படி ஒவ்வொரு தாளையும் மடியுங்கள். மடிப்புகளை அடுக்கி முதுகில் பி.வி.ஏ. எனும் வெள்ளைப் பசை தடவுங்கள். அது காய்ந்ததும், பக்கத்துப் பக்கத்துத் தாள்களின் அச்சடிக்காத பின்பக்கங்களை வெளி ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாக ஒட்டுங்கள். படம் தட்டையாக விரியும், ஒரு கயிறுகூடக் காணாமல் போகாது. தடித்த தாளென்றால் மடிக்கும் முன் மழுங்கிய முனையால் கோடு கீறிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மடிப்பில் மை வெடிக்கும்.

அப்புறம், முதல் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: இது வெறும் காட்சிப் பொருள் அல்ல, 1987இல் லிஸ்பனிலிருந்து பாய் விரித்து, டயஸ் கரையிறங்கி 500 ஆண்டு நிறைந்த 1988 பிப்ரவரி 3 அன்று மாஸல் பே வந்த கப்பல். பார்க்கிற பலருக்கு அது தெரியாது.