குத்துச்சண்டை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1980-ல் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்ட முகமது அலி, எந்தப் போட்டியோடு நிறுத்தியிருக்க வேண்டும்?
– வாசகர், வேலூர்

பதில்: 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸுடன் மோதியதோடு. அதில் ஜெயித்தது அலிதான். ஆனால் இடி மாதிரிக் குத்தும் ஷேவர்ஸிடம் 15 ரவுண்டும் அடி தாங்கித்தான் ஜெயித்தார். அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகம் கெட்டுவருவதைக் காட்டிய பரிசோதனை முடிவை அலிக்கும் அவர் மனைவிக்கும் மேலாளருக்கும் அனுப்பினார். ஒருவரும் பதில் போடவில்லை, பச்சேகோ விலகிக்கொண்டார்.

1980-ல் லாரி ஹோம்ஸுடன் மோதுவதற்கு முன் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் அலியைச் சோதித்தார்கள். விரலால் மூக்கைத் தொடச் சொன்னபோது குறி லேசாகத் தவறியது. ஒற்றைக் காலில் குதிப்பதிலும் எதிர்பார்த்த சுறுசுறுப்பு இல்லை. அப்படியும் சண்டை நடந்த நெவாடா மாநிலத்தில் உரிமம் கொடுத்துவிட்டார்கள். போதாக்குறைக்குத் தைராய்டு மாத்திரை வேறு. எடை இறங்கியது, கூடவே தெம்பும் போனது. 10-வது ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ சண்டையை நிறுத்தினார். அதன் பிறகும் 1981 டிசம்பரில் ட்ரெவர் பெர்பிக்குடன் அவரை ரிங்கில் ஏற்றியது பெரும் பாவம்.

கேள்வி: ஜார்ஜ் ஃபோர்மன் 45 வயதில் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றாரே?
– வாசகர், திருச்சி

பதில்: வென்றார், 1994-ல், மைக்கேல் மூரரை வீழ்த்தி. ஆனால் 1977 முதல் 1987 வரை அவர் சண்டையே போடவில்லை. இளமையில் பெரும்பாலான எதிரிகளை இரண்டு மூன்று ரவுண்டில் முடித்தவர். அலியோ ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டையில்கூட வேண்டுமென்றே அடி வாங்கிப் பழகியவர். வயதை விட, தலை வாங்கிய அடிதான் கணக்கு.

கேள்வி: என்னிடம் பயிலும் ஹெவிவெயிட் வீரருக்கு 34 வயது. நிறுத்தச் சொல்ல வேண்டிய நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
– பயிற்சியாளர், சென்னை

பதில்: தோல்விக்காகக் காத்திருக்காதீர்கள். ஸ்பாரிங்கில்தான் முதலில் தெரியும். இரண்டு வருடத்துக்கு முந்தைய வீடியோவையும் இன்றையதையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முன்பு தலையைச் சாய்த்துத் தப்பிய அதே ஜாப் (முன்கையால் நேராக விடும் வேகக் குத்து) இப்போது முகத்தில் விழுகிறதா? சாதாரணக் குத்துக்கே கால் தள்ளாடுகிறதா? இடைவேளையில் சொன்னதை அடுத்த ரவுண்டில் மறந்துவிடுகிறாரா?

பேச்சையும் கவனியுங்கள். வீட்டில் இருப்பவர்கள் தினமும் கேட்பதால் குழறல் அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும். பழைய பேட்டி ஒன்றோடு ஒப்பிட்டால் பளிச்சென்று தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ., கூடவே நினைவாற்றல், சமநிலைச் சோதனைகள் எடுங்கள். முடிவுகளை அவருடைய முந்தைய ஆண்டு முடிவோடு ஒப்பிட வேண்டும், பிறருடையதோடு அல்ல. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதால் மூளை நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடிகளால் வரும் நாள்பட்ட மூளைச் சிதைவை இறந்த பிறகு மூளையை ஆராய்ந்துதான் உறுதிசெய்ய முடிகிறது.

தலைக்கவசத்தை நம்பி ஸ்பாரிங்கைக் கூட்டாதீர்கள். அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. மேலே சொன்ன அறிகுறிகளில் இரண்டு சேர்ந்து தெரிந்தால், அடுத்த போட்டிக்கு எவ்வளவு பணம் வந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.