பதினாறு அங்குலச் சக்கரத்துக்கு எந்தக் கிராங்க்?

அன்புள்ள ஐயா,

ஒற்றைச் சக்கர சைக்கிள் பழகியதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த கட்டுரையைப் படித்த பிறகு, ஈப்போவில் பழைய பொருள்கள் விற்கும் சந்தையில் கண்ணில் பட்ட ஒன்றை வாங்கிவிட்டேன். சக்கரம் 16 அங்குலம். பெடலைச் சக்கரத்தின் அச்சோடு இணைக்கும் தண்டான கிராங்கின் உட்பக்கத்தில் 125 என்று பொறித்திருக்கிறது. இரண்டு மாதத்தில் நேராக ஓட்டப் பழகிவிட்டேன். ஆனால் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) பின்னால் உள்ள திடலில் வளைந்து திரும்பும்போது பெடல் தரையில் இடித்து இரண்டு முறை விழுந்தேன். சற்று வேகமாக மிதித்தால் இடுப்பு மேலும் கீழுமாகக் குதிக்கிறது. கிராங்க் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, 75 மில்லிமீட்டரே வாங்கு என்கிறார் என் நண்பர்.

மூன்று காரியங்களுக்கு இது எனக்குப் பயன்பட வேண்டும். நான் உதவிக்குச் செல்லும் தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவில், மூன்று பந்துகளை வீசிப் பிடித்தபடி மேடையில் ஓட்ட வேண்டும். அங்குள்ள நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பழக்கித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் 2 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சந்தைக்குத் தோட்டத்துச் செம்மண் சாலை வழியாகப் போய்வர வேண்டும். எந்த நீளத்தை வாங்குவது?

அன்புடன்,
ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

பெடல் இடித்ததையும் இடுப்பு குதித்ததையும் நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால், என்னால் இவ்வளவு உறுதியாகப் பதில் சொல்லியிருக்க முடியாது. 100 மில்லிமீட்டர் வாங்குங்கள். நண்பர் சொல்லும் 75 வேண்டாம். சந்தைக்கு இந்தச் சக்கரத்தில் போகும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நாளை வேறொரு சக்கரம் உங்கள் கைக்கு வரும்போது இதே கணக்கை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

சாதாரண சைக்கிளில் சங்கிலியும் பல்சக்கரமும் இருப்பதால், மிதிப்பது கடினமானால் கியரை மாற்றிக்கொள்கிறோம், இறக்கத்தில் காலைச் சும்மா வைத்துக்கொண்டு உருள்கிறோம். உங்களுடையது போன்ற சாதாரண ஒற்றைச் சக்கரத்தில் இரண்டுக்கும் வழியில்லை. கிராங்க் நேராக அச்சில் பூட்டப்பட்டிருப்பதால் கால் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுத்தான் சுற்றும். சக்கரம் உருளும் வரை காலும் சுற்றியே ஆக வேண்டும். 1870களில் ஐரோப்பாவில் ஓடிய பெரிய முன்சக்கர சைக்கிள்களும் இப்படித்தான் இருந்தன. வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லாததால், ஓட்டுபவரின் கால் எட்டும் அளவுக்கு அந்த முன்சக்கரத்தை வளர்த்துக்கொண்டே போனார்கள். இன்று உங்களிடம் இருக்கும் வண்டியில் சக்கரத்தின் அளவு முடிவாகிவிட்டது. இனி நீங்கள் மாற்றக்கூடியது கிராங்கின் நீளம் ஒன்றுதான்.

அந்த நீளத்தைத் தனியாகப் பார்ப்பதில் பொருளில்லை. சக்கரத்தின் ஆரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரணத் தடிமனுள்ள டயர் போட்ட 20 அங்குலச் சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 250 மில்லிமீட்டர். உங்கள் 16 அங்குலத்துக்கு ஏறக்குறைய 200. பெரியவர்கள் பழகுவதற்கு 20 அங்குல வண்டியில் வழக்கமாக 125 கிராங்க்தான் வரும், அதாவது ஆரத்தில் சரிபாதி. அதே விகிதம் 16 அங்குலத்தில் வேண்டுமானால் 100 போதும். உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் 125, 20 அங்குலச் சக்கரத்தில் 156 மில்லிமீட்டர் கிராங்கைப் பூட்டியதற்குச் சமம். மண்டபத்தில் ஓட்டுவதற்கென்று அவ்வளவு நீளத்தை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். உங்களுக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் கையில் கிடைத்ததைப் பூட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

நீங்கள் விழுந்த கதைக்கு இதிலேயே விடை இருக்கிறது. ஆரம் 200, கிராங்க் 125 என்றால், பெடல் அடியில் இருக்கும்போது அதன் நடுப்புள்ளிக்கும் தரைக்கும் இடையே 75 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். பெடலின் பாதித் தடிமனைக் கழித்தால் சுமார் 60. வளையும்போது வண்டி உட்பக்கமாகச் சாய்கிறது. பெடலின் வெளிவிளிம்பு சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 16 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால், 15 பாகை சாய்ந்தாலே அந்த விளிம்பு 4 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். மீதமிருக்கும் 2 சென்டிமீட்டரை உங்கள் திடலின் புல் பார்த்துக்கொண்டது. கிராங்க் 100 ஆனால் இன்னொரு 25 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும், மண்டபத்துச் சிமெண்டுத் தரைக்கு அது தாராளம்.

இடுப்பு குதிப்பதற்குக் கிராங்க் பாதிக் காரணம்தான். 125 கிராங்கில் ஒவ்வொரு சுற்றிலும் பாதம் 250 மில்லிமீட்டர் உயர்ந்து இறங்குகிறது. 100இல் அது 200 ஆகக் குறையும். மற்ற பாதி உங்களிடமே இருக்கிறது. புதிதாகப் பழகுபவர்கள் உடல் எடையை இருக்கையில் வைக்காமல் பெடலில் வைத்து நின்றவாறே ஓட்டுவார்கள். எடை முழுவதும் இருக்கைக்கு இறங்கும் நாளில் அந்தக் குதிப்பு அநேகமாகத் தானாகவே அடங்கிவிடும். எனக்கு அது இறங்க ஐந்து மாதம் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி நண்பரின் 75. குட்டையான கிராங்கில் கால் சின்ன வட்டத்தில் சுழல்வதால் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும், பார்க்கவும் அழகாக இருக்கும் என்று அவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் சக்கரத்தை முடுக்கவும் தடுக்கவும் காலுக்கு இருக்கும் நெம்புகோல் அந்தக் கிராங்க்தான். 125இலிருந்து 75க்கு இறங்கினால், அதே வேலைக்குக் கால் மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாக அழுத்த வேண்டும். 100க்கு இறங்கினால் கால் பங்குதான் கூடும். பிரேக் இல்லாத வண்டியில் இந்த வேறுபாடு நிறுத்தும்போதுதான் உறைக்கும். சறுக்கலான இறக்கத்தில் பின்னோக்கி அழுத்தும் காலுக்குப் பிடி போதாமல் போனால், வண்டியை விட்டுவிட்டு முன்னால் ஓடித்தான் தப்பிக்க வேண்டும்.

உங்கள் மேடைக்கு இது இன்னும் முக்கியம். பள்ளி மண்டபத்து மேடை 6 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.25 மீட்டர் ஓடும், ஆகவே ஐந்து சுற்றுக்குள் மேடை முடிந்துவிடும். அதாவது நீங்கள் அங்கே ஓட்டப் போவதைவிடத் திரும்பப் போவதும், நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் அரைச்சுற்று ஆடிக்கொண்டிருக்கப் போவதும்தான் அதிகம். பந்துகள் மூன்றும் காற்றில் இருக்கும்போது கையை விரித்துச் சமநிலை தேட முடியாது, கண்ணும் மேலேதான் இருக்கும். அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் சக்கரத்தை நிறுத்தித் திசையை மாற்ற வேண்டியிருப்பதால் காலுக்குப் போதிய பிடி வேண்டும். 100இல் அந்தப் பிடி இருக்கும். ஓராண்டு ஓட்டிய பிறகு, சுழன்று ஆடும் வித்தைகளில் ஆசை வந்தால் 89க்கு இறங்கலாம். (மூன்றரை அங்குலத்தை மில்லிமீட்டருக்கு மாற்றியதால் வந்த எண் அது, 102, 114, 127 என்று கடைகளில் காண்பவையும் அப்படி வந்தவைதான். 100க்குப் பதிலாக 102 கிடைத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.)

மாணவர்களைப் பொறுத்தவரை, பத்து, பதினொரு வயதில் உயரம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். இருக்கையை ஆகக் கீழே இறக்கி, குதிகாலை அடிப்பெடலில் வைத்தால் முழங்கால் ஏறக்குறைய நேராக வரும் பிள்ளைக்கு உங்கள் வண்டி பொருந்தும். முழங்கால் நன்றாக மடங்கியே இருந்தால் அது நேராகும் வரை இருக்கையை உயர்த்துங்கள், அந்தப் பிள்ளைக்கு 20 அங்குலமும் பொருந்தலாம். பள்ளி பின்னாளில் வாங்குவதானால் 20 அங்குலத்தில் 100 முதல் 114 வரை கேளுங்கள். சர்வதேச ஒற்றைச் சக்கர சைக்கிள் கூட்டமைப்பின் ஓட்டப்பந்தய விதிகளில், 20 அங்குலப் பிரிவில் கிராங்க் 100க்குக் குறையக் கூடாது, 24 அங்குலப் பிரிவில் 125க்குக் குறையக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். குட்டைக் கிராங்க் நேர்ப்பாதையில் எவ்வளவு வேகம் தரும் என்பது அந்த வரம்பிலிருந்தே தெரியும். உங்கள் மாணவர்கள் பந்தயத்துக்குப் போகப் போவதில்லை, ஆனாலும் அந்த எண்களைவிடக் கீழே இறங்க அவர்களுக்குத் தேவை எதுவும் இல்லை.

சந்தை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். 2 கிலோமீட்டருக்கு உங்கள் சக்கரம் 1,600 சுற்றுச் சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 100 சுற்று என்று ஓயாமல் மிதித்தாலும் 16 நிமிடம் ஆகும். அதே தூரத்தைக் கையில் பையோடு நடந்தால் 24, 25 நிமிடம். இந்த எட்டு நிமிடத்துக்காக நீங்கள் போகும் பாதையோ, மழைக்குப் பின் லோரிச் சக்கரங்கள் பள்ளம் பறித்த செம்மண். பள்ளத்தைக்கூடப் பார்த்து விலகலாம். லோரியிலிருந்து உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழத்தை என்ன செய்வீர்கள்? பெரிய சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கிவிடும், சின்னச் சக்கரம் முட்டி நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். அந்தச் சாலையில் ஒற்றைச் சக்கரத்தில்தான் போக வேண்டும் என்றால், தடித்த டயர் போட்ட 26 அல்லது 29 அங்குலச் சக்கரத்தில், ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து 125 முதல் 150 வரையிலான கிராங்கைப் பூட்டிக்கொண்டு போகலாம். இல்லையேல் நடந்தே போய்விட்டு வாருங்கள்.

இதனால் 16 அங்குலத்தை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். கார் பின்பெட்டியில் குறுக்காகப் படுத்துக்கொள்ளும். மழை பிடித்துக்கொண்ட மாலையில் கடைகள் அடைத்த பிறகு அவற்றின் முன்னால் கூரையோடு உள்ள அஞ்சடி நடைபாதையில் ஓட்டலாம். பூப்பந்துத் திடல் ஒன்றின் பாதிக்குள் எட்டு எண் வடிவில் சுற்றிச் சுற்றி வரலாம். இடம் குறுகக் குறுக அதற்கு மதிப்பு கூடும்.

கிராங்கை மாற்றும் வேலையில் நானே பட்ட ஒரு பாடு உண்டு. பழைய வண்டி என்பதால் உங்களுடையது பெரும்பாலும் சதுர முனை அச்சாகத்தான் இருக்கும், ஆனாலும் மூடியைக் கழற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே புதியதை வரவழையுங்கள். பல்வரி வெட்டிய அச்சுக்கான கிராங்க் சதுர அச்சில் ஏறாது. நட்டைக் கழற்றிவிட்டுக் கிராங்கைச் சுத்தியலால் தட்டக் கூடாது. சைக்கிள் கடையில் அதை இழுத்தெடுக்கும் திருகுக் கருவி இருக்கும், ஐந்து நிமிட வேலை. கிராங்குகளில் இடம், வலம் உண்டு. இடப்பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும், மிதிக்க மிதிக்க அது கழன்றுவிடாமல் இருப்பதற்காக. ஒருமுறை டயர் மாற்றிய பிறகு நான் சக்கரத்தைச் சட்டத்தில் திருப்பி மாட்டிவிட்டேன். இடக்கிராங்க் வலப்பக்கம் வந்துவிட்டது. நான்கு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள், கோயில் மண்டபத்தில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெடல் மரையைப் பிய்த்துக்கொண்டு கையோடு வந்தது, அந்தக் கிராங்க் அன்றோடு போயிற்று. இருக்கையில் அமர்ந்த நிலையில் இடப்பக்கம் எது என்று பார்த்து மாட்டுங்கள்.

முதல் நாள் ஓட்டிவிட்டு வந்ததும் நட்டை மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. தளர்ந்த கிராங்கோடு ஓட்டினால் எஃகு அச்சு அலுமினியத் துளையை உருட்டிவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

கிராங்க் 25 மில்லிமீட்டர் குறையும்போது அடிப்பெடல் அதே அளவு மேலே வந்துவிடும். ஆகவே இருக்கையையும் 25 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் முழங்கால் மடங்கியே இருந்து, புதுக் கிராங்க்தான் சரியில்லை என்று தோன்றும். உயர்த்தும்போது இருக்கைத் தண்டில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு சட்டத்துக்கு வெளியே தெரிந்தால் அந்தத் தண்டு உங்களுக்குப் போதாது. அதே விட்டத்தில் நீளமான தண்டு ஒன்றையும் கிராங்கோடு சேர்த்தே வரவழைத்துக்கொள்ளுங்கள். டயரையும் மாற்றுவதாக இருந்தால் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். 16 அங்குலம் என்ற பெயரிலேயே 305, 349 என்று (டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில்) இரண்டு அளவுகள் விற்பனையில் இருக்கின்றன. சிறுவர் சைக்கிளுக்கு வரும் தடித்த டயர் 305. மடக்கு சைக்கிள்களில் வரும் 349 டயர் அந்த ரிம்மில் உட்காராது.

அன்புடன்.