வாசகர் கேள்வி – பதில்: நிசிரோஸ் தீவில் நடைப்பயணம்

கேள்வி: வரும் மே மாதம் கிரீஸ் நாட்டின் கோஸ் தீவில் தங்கவிருக்கிறோம். பக்கத்திலுள்ள நிசிரோஸ் எரிமலைத் தீவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்கிறார் பயண முகவர். அது போதுமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எரிமலை வாயைப் பார்ப்பதற்குப் போதும், தீவைப் பார்ப்பதற்குப் போதாது. நிசிரோஸின் பரப்பு சுமார் 41 சதுர கிலோமீட்டர்தான். நிரந்தரமாக வசிப்பவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். விமான நிலையம் கிடையாது. கோஸ் தீவின் கர்தமேனா துறையிலிருந்து படகில் ஒரு மணி நேரத்தில் மந்த்ராக்கி என்னும் துறைமுக ஊரை அடையலாம். பகல் நேரப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் அங்கிருந்து நேராக எரிமலைக்குப் போய்விடுவதால், கூட்டம் முழுவதும் நிழலே இல்லாத அந்தப் பள்ளத்தில் உச்சி வெயிலில் ஒன்றாகக் கூடுகிறது. பிற்பகலில் படகுகள் திரும்பியபின் தீவு அமைதியாகிவிடும். ஆகவே இரண்டு இரவாவது மந்த்ராக்கியில் தங்குங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன். மே மாதம் நல்ல தேர்வு. ஜூலை, ஆகஸ்ட் மாத வெயிலில் அங்கே நடப்பது கடினம்.

கேள்வி: அது இன்னும் உயிருள்ள எரிமலை என்கிறார்களே, உள்ளே நடப்பது ஆபத்தில்லையா? எந்த வழியாகப் போவது நல்லது?
- வாசகர், மதுரை

பதில்: உயிருள்ள எரிமலைதான். ஆனால் வரலாற்றுக் காலத்தில் அங்கே நெருப்புக் குழம்பு வெளிவந்ததில்லை. நிலத்தடியில் தேங்கிய நீர், கீழேயுள்ள பாறையின் வெப்பத்தால் ஆவியாகி, அழுத்தம் தாங்காமல் சேற்றையும் கல்லையும் வாரி எறிந்த நீராவி வெடிப்புகளே நிகழ்ந்திருக்கின்றன. 1871 முதல் 1873 வரையிலும், அந்த நூற்றாண்டின் 80-களிலும் அவ்வாறு நடந்தது. 1996, 1997-ஆம் ஆண்டுகளில் தொடர்ந்த நில அதிர்வுகளில் மந்த்ராக்கியில் சில வீடுகள் விரிசல் கண்டன. வெடிப்பு எதுவும் நிகழவில்லை.

வழியைப் பொறுத்தவரை, பேருந்தில் எரிமலை வாசல்வரை போவதைவிட, விளிம்பின்மேல் சுமார் 400 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கும் நிக்கியா கிராமத்திலிருந்து நடந்து இறங்குவதே சிறந்தது. முதலில் அவ்வூரிலுள்ள எரிமலை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டால், கீழே காணப்போவது என்ன என்பது தெளிவாகும். பாதை செங்குத்தானது, சில இடங்களில் கற்கள் உருளும். ஆனாலும் ஒரு மணி நேரத்தில் லாக்கி என்னும் சமவெளிக்கு வந்துவிடலாம். இறங்க இறங்க, சுமார் நான்கு கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பெரும்பள்ளம் முழுவதும் கண்முன் விரிவதும், பழைய படிக்கட்டு வயல்களின் கற்சுவர்கள் அதன் சரிவெங்கும் வரிவரியாக ஓடுவதும், பேருந்தில் வருபவர்களுக்குக் கிட்டாத காட்சிகள்.

சமவெளியின் தெற்கில் ஸ்தெஃபானோஸ் வாய் இருக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டர் அகலம், 25 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழம். அதன் தரைக்கே இறங்கி நடக்கலாம். ஆவி சீறும் துளைகளின் விளிம்பில் ஊசி ஊசியாக மஞ்சள் கந்தகப் படிகங்கள் படிந்திருக்கும். குனிந்து பாருங்கள், தொடாதீர்கள், ஏனெனில் அந்த ஆவி ஏறக்குறைய கொதிநிலையில் வருகிறது. துளைகளைச் சுற்றியுள்ள வெளிறிய மண் மேலோடு மெல்லியது. கால் உள்ளே இறங்கினால் வெந்துவிடும். மற்றவர்களின் காலடித்தடம் உள்ள இடத்தில் மட்டும் நடக்க வேண்டும். கெட்டியான அடியுள்ள காலணி அவசியம். அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெள்ளியைக் கறுக்கச் செய்யும் என்பதால் கொலுசையும் மோதிரத்தையும் விடுதியிலேயே வைத்துவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மேலிருந்தே பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எரிமலையைத் தவிர நடந்து பார்க்க வேறென்ன உண்டு?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: என் முதல் பரிந்துரை பாலியோகாஸ்த்ரோ. மந்த்ராக்கியிலிருந்து அரை மணி நேர நடையில், கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை மதில் நிற்கிறது. தீவின் கரிய எரிமலைக் கல்லையே பெரும் பாளங்களாகச் செதுக்கி, சாந்து பூசாமல் அடுக்கியிருக்கிறார்கள்; வாயில் இன்றும் நிலைத்திருக்கிறது. மதிலிலிருந்து ஐந்தடி வரையுள்ள நிலம் பொதுச்சொத்து என்று அறிவிக்கும் கல்வெட்டையும் அங்கே காணலாம். அவ்வளவு பழைய காலத்திலேயே மதிலை ஒட்டி யாரும் ஆக்கிரமித்துவிடக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தீராத வியப்பு.

உடல் வலு இருந்தால் 698 மீட்டர் உயரமுள்ள புரோஃபிடிஸ் இலியாஸ் சிகரத்துக்கு ஏறுங்கள். எவாங்கெலிஸ்ட்ரியா மடத்தருகே பாதை தொடங்குகிறது. வடக்கே தெரியும் யாலி என்னும் சிறு தீவில் வெள்ளை வெளேரென்று வெட்டுப்பட்டிருப்பது நுரைக்கல் சுரங்கம்.

கேள்வி: நாங்கள் சைவ உணவுக்காரர்கள். அங்கே சமாளிக்க முடியுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: முடியும். கொண்டைக்கடலையை அரைத்து, நம் வடையைப் போலவே எண்ணெயில் பொரித்தெடுக்கும் பித்தியா அத்தீவின் சொந்தப் பலகாரம். வாதுமையிலிருந்து செய்யும் சுமாதா என்னும் இனிப்புப் பானத்தில் தண்ணீர் கலந்து தருவார்கள். நடை முடிந்து வந்ததும் அதைக் குளிர்ச்சியாகக் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.