பொடுதலை பத்திக் கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன்

புல்தரைய எடுத்துட்டு, தரையோட படர்ற கொடியான பொடுதலைய போட்டு எட்டு வருஷம் ஆச்சு, பாக்குறவங்க எல்லாம் கேள்வியா கேட்டுத் தள்றீங்க, அதான் எல்லாத்தையும் சேத்து வெச்சு ஒரே மூச்சுல பதில் போடுறேன். பொடுகு, முடி, மூலம்னு வந்த கேள்விகள அப்படியே ஓரமா வெச்சிட்டேன், நான் வைத்தியர் இல்லங்க, மண்ணுல இருக்குற வரைக்கும்தான் எனக்கு அந்தச் செடியத் தெரியும்.

கே: அக்கா, பொடுதலைன்னு சொல்லி ஒருத்தர் ஒரு கொடி குடுத்தாரு, மஞ்சளா பெருசா பூக்குது. இதுதானா?

ப: இல்ல தம்பி. குட்டி சூரியகாந்தி மாதிரி மஞ்சளா பூத்தா அது வெடேலியா. தரையில நடாதீங்க, உலகத்துலயே மோசமா பரவுற 100 அந்நிய உயிரினங்கள்னு ஐயூசிஎன்ங்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு போட்ட லிஸ்ட்ல அதுவும் ஒண்ணு. பொடுதலைக்கு இலைய கையில எடுத்துப் பாருங்க, நுனிப்பக்கம் மட்டும் ரம்பம் மாதிரி பல்லு இருக்கும், காம்புப்பக்கம் பல்லே இல்லாம ஆப்பு மாதிரி ஒடுங்கும். இலையும் தண்டும் சேர்ற இடுக்குல இருந்து ஒல்லியா நீளமா ஒரு காம்பு கெளம்பி, அது உச்சியில தீக்குச்சி மருந்து சைஸுக்கு கருஞ்செவப்பா ஒரு உருண்ட, அதச் சுத்தி வெள்ளையாவோ லேசான ஊதாவாவோ பொடிப்பொடியா பூ. குடும்பத்துல உண்ணிச்செடிக்குச் சொந்தக்காரன், பூவ உத்துப் பாத்தா அந்தச் சாயல் தெரியும்.

கே: விதை போடலாமா, கட்டிங் வெக்கலாமா?

ப: விதை தூசி மாதிரி இருக்கும், மெதுவா வரும், அதுக்குள்ள களை முந்திக்கும். கட்டிங்தான். தரையோட ஓடுற தண்ட ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக்கோங்க, நாலஞ்சு கணு இருக்கணும், கணுவுல ஏற்கனவே வெள்ளையா வேர் எட்டிப் பாக்குற துண்டு கெடச்சா இன்னும் நல்லது. நட்டுக்குத்தலா வெக்காதீங்க, படுக்க வெச்சு நடுவுல ரெண்டு கணுவ மட்டும் மண்ணுக்குள்ள அமுக்கி விரலால நல்லா அழுத்திடுங்க, மண்ணுக்கும் கணுவுக்கும் நடுவுல காத்து நின்னா வேர் விடாது, காஞ்சிடும். வெதுவெதுப்பான சீசன்ல ஒரு வாரம் பத்து நாள்ல புடிச்சுக்கும், லேசா இழுத்துப் பாத்தா வராது, அதான் அடையாளம். துண்டுக்குத் துண்டு 30 செ.மீ. விட்டா ஒரு சதுர மீட்டருக்கு பத்து பன்னெண்டு துண்டு ஆகும். நெருக்கி நட்டா சீக்கிரம் மூடும், அவ்ளோதான் வித்தியாசம், பொறுமை இருந்தா 45 செ.மீ. கூட விடலாம்.

கே: பொடுதலை போட்டா களையே வராதுன்னாங்க, எனக்கு கோரையும் அருகும் அதுக்கு நடுவுலயே வளருது. ஏமாந்துட்டேனா?

ப: நானும் இதுலதான் ஏமாந்தேன். மொத தடவ ஆசையில மண்ண லேசா கொத்திவிட்டு நேரா நட்டுட்டேன், நாலு மாசத்துல பச்சையா மூடிருச்சு, ஆனா கிட்ட போய் பாத்தா பாதி கோரை, இழுத்தா கோரையோட தலை மட்டும் கையோட வருது, கிழங்கு கீழயே தங்கிடுது, கூடவே பொடுதலைக் கொடியும் பிஞ்சு வருது. கடைசியில மொத்தத்தையும் கெளறிப் போட்டு மறுபடி ஆரம்பிச்சேன். விஷயம் என்னன்னா, தரைய மூடுற செடி வெதையில இருந்து மொளைக்கிற களையத்தான் தடுக்கும், ஏன்னா மண்ணுக்கு வெளிச்சம் போகாது, மொளைச்சாலும் நோஞ்சானா செத்துடும். கோரையும் அருகும் அப்படியா, அதுங்க கிழங்குலயும் அடித்தண்டுலயும் சாப்பாடு கட்டி வெச்சிருக்கு, இருட்டுல இருந்தே முட்டிக்கிட்டு மேல வந்துரும். அதனால நடுறதுக்கு முன்னாடி மண்ண நல்லா நனைச்சு விட்டு ரெண்டு வாரம் சும்மா இருங்க, வர்றதெல்லாம் வரட்டும், கிழங்கோட தோண்டி எடுங்க, மறுபடி நனைங்க, மறுபடி எடுங்க. மூணு சுத்தாவது போகணும். நல்ல வெயில் காலமா இருந்தா ஈர மண்ணு மேல கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் ஷீட்ட இழுத்து ஓரமெல்லாம் மண்ணு போட்டு அமுக்கி ஆறு வாரம் விடலாம், களை வெதையில பெரும்பகுதி வெந்துடும், ஆழத்துல கெடக்குற கோரைக்கிழங்கு மட்டும் தப்பிக்கும், அதுக்கு மம்பட்டிதான் வைத்தியம். நட்ட அப்புறமும் மொத ரெண்டு மாசம் வாரத்துக்கு ஒருக்கா குனிஞ்சு கை வெச்சே ஆகணும். இந்த வேலையத் தவிர்க்க ஒரு குறுக்கு வழியும் இல்ல, இருந்தா நானே போயிருப்பேன்.

கே: தினமும் தண்ணி ஊத்துறேன், ஆனா கொடி நீளமா ஓடுதே ஒழிய அடர்த்தியா வரல.

ப: தினமும் ஊத்துறதுதான் காரணம். மொத மூணு வாரம் மண்ணு காயாம பாத்துக்கங்க, அதுக்கப்புறம் விரல ரெண்டு கணு ஆழம் உள்ள விட்டுப் பாத்து காஞ்சிருந்தா மட்டும் நல்லா ஆழமா ஊறுற மாதிரி விடுங்க. வேர் கீழ எறங்கணும்னா மேல மண்ணு கொஞ்சம் காயணும். உரமும் அப்படித்தான், நடும்போது கொஞ்சம் மக்குன தொழு உரம் போதும், யூரியா கீரியா போட்டா தண்டு மட்டும் வெடவெடன்னு நீளும், பூ கொறையும். இது குளத்தங்கரை, வாய்க்கால் வரப்பு, உப்புத் தண்ணி ஏறுற எடம்னு எங்கயும் தானா கெடந்து வளர்ற செடி, ரொம்ப உபசாரம் பண்ணாதீங்க.

கே: மரத்தடியில வருமா?

ப: வரும்னு சொல்லி உங்க ஆசைய வளக்க மாட்டேன். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும். நிழல்ல வெளிச்சத்தத் தேடி கழுத்த நீட்டும், தரை தெரியும். அரை நிழலும் ஈரமும் இருந்தா வல்லாரை போடுங்க. முழு நிழலா இருந்தா சருக மூடாக்கா போட்டு விட்டுடுங்க, மரத்துக்கும் அதுதான் புடிக்கும்.

கே: குழந்தைங்க வெறுங்கால்ல ஓடுவாங்க. தேனீ வருதாமே?

ப: வரும் மா, நெறையவே வரும், குட்டிக் குட்டி பட்டாம்பூச்சியும் வரும், நான் வளக்குறதே பாதி அதுக்குத்தான். ஃபுளோரிடா பக்கம் இது அந்த மண்ணோட செடி, ஃபயான் கிரெசென்ட்னு ஒரு பட்டாம்பூச்சி இதுல முட்டை வெச்சு புழு இந்த இலையத் தின்னு வளருது. ஆனா தேனீ மேல மிதிச்சா கொட்டத்தான் செய்யும். வெளையாடுற எடத்த மட்டும் பூ வர வர புல்வெட்டுற மெஷின 5 செ.மீ. உசரத்துல வெச்சு வெட்டிடுங்க, ஓரத்துல பூக்க விடுங்க. சாயங்காலம் வெயில் தாழ்ந்தப்புறம் வெட்டினா தேனீயும் இருக்காது. நடந்தா தாங்கும், தினமும் ஒரே தடத்துல நடந்தா தாங்காது, அங்க கல்லு பதிச்சிடுங்க. பந்து வெளையாட்டெல்லாம் புல்லுதான் தாங்கும்.

கே: நாங்க இருக்குற ஊர்ல உறைபனி விழும். மொத்தமா பழுப்பாயிடுச்சு, பிடுங்கிடவா?

ப: பிடுங்காதீங்க! மேல கருகும், வேரும் தரையோட ஒட்டுன தண்டும் தூங்கிட்டு இருக்கும். சூடு ஏறினதும் கணுவுல பச்சை தெரியும், அப்போ காஞ்சத வாரி எடுங்க. வருஷம் முழுக்க பச்சையா வேணும்னா குளிர் ஊருக்கு இது சரிப்படாது.

கே: மூணு வருஷமான திட்டு, நடுவுல மட்டும் சொட்டை.

ப: பழைய தண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மெத்தை மாதிரி ஆயிருக்கும், அடியில இலை இல்லாம மரக்குச்சியா கெடக்கும். ஒட்ட வெட்டி, குச்சிய வாரி, விரல் கனத்துக்கு மக்கு உரம் தூவி தண்ணி விடுங்க. ஓரத்துல இருக்குற எளங்கொடிய உள்பக்கம் திருப்பி விட்டு கணு மேல ஒரு கல்ல வைங்க, தானா வேர் விடும். நாய் ஒண்ணுக்கு போன திட்டா இருந்தா மொதல்ல தண்ணிய நாலு பக்கெட் ஊத்திக் கழுவுங்க, மத்ததெல்லாம் அதேதான்.

கே: பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றார், அவங்க பாத்திக்குள்ள போயிடுச்சாம்.

ப: அவரு சொல்றதுல நியாயம் இருக்கு. கணுவுக்குக் கணு வேர் விடுற செடிக்கு வேலி கெடையாது. செங்கல்லோ பலகையோ வெச்சு ஓரம் கட்டுங்க, மேலயே ஏறித் தாண்டும், அதனால மாசத்துக்கு ஒருக்கா மம்பட்டியால ஓரத்த ஒரு கோடு வெட்டி விடணும். ஆத்தங்கரை, மேய்ச்சல் நெலம் பக்கத்துல இருக்குறவங்க இன்னும் யோசிங்க. தென் அமெரிக்காவுல இருந்து போன இதோட பங்காளி ஒண்ணு, லிப்பியான்னு சொல்வாங்க, ஆஸ்திரேலியாவுல மர்ரே-டார்லிங் ஆறுகளோட வெள்ளச் சமவெளியில புல்ல எல்லாம் அமுக்கிட்டு படந்து கெடக்குது, மாட்டுக்கும் பிரயோஜனம் இல்ல. உங்க மண்ணுல ஏற்கனவே இருக்குற வகைய பக்கத்துல இருந்தே எடுத்து நடுங்க, எங்கயோ இருந்து வரவழைக்காதீங்க. வெட்டுன துண்ட வாய்க்கால்ல போட்றாதீங்க, போற எடத்துல மொளைக்கும்.

கே: அக்கா சின்ன சந்தேகம், நேத்து பூ கீழ இருந்துச்சு, இன்னிக்கு மேல ஏறிருக்கு, அதே பூவா?

ப: இல்லடா கண்ணு, வேற பூ. அந்த உருண்டையில மொட்டு அடியில இருந்து வரிசையா விரியும், அடி வரிசை வாடி உதிரும்போது அதுக்கு மேல் வரிசை விரியும், அதனால வளையம் ஏறுற மாதிரி தெரியுது. உருண்டையும் கூடவே நீண்டு கடைசியில குட்டி உருளை மாதிரி ஆயிடும். ஒரு பூவுக்கு நூலக் கட்டி வெச்சு தினம் காலையில போய்ப் பாரு.